சங்கிலியை மட்டும் விட்டுவைத்தான்

29 அக்டோபர், வியாழன்
விடிந்ததிலிருந்து மழை. அடுப்படியில் இரண்டு இடத்தில் ஒழுக்கு. கால் வீக்கம் அப்படியே.
திங்கட்கிழமை கல்லறைத் திருநாள். வாங்க வேண்டியது: மெழுகுவர்த்தி ஒரு கட்டு, சாமந்தி, சவுக்காரம்.
பேரன் அருளின் படங்களைப் பார்க்க மார்க்கெட் ஸ்திரீட்டில் கூட்டமாம். கடைப் பலகை எழுதுகிறவன். யாரோ கழித்துப்போட்ட பழைய போட்டோக்களை வாங்கி, மேலே சாயம் பூசி, இந்தக் காலத்து மினுக்கைக் கேலி பண்ணுகிறான். தலைப்பாகைக் கிழவர் மடியில் கிராமபோன். முக்காட்டுக் கிழவி வாயில் சிகரெட்டு. மீன்காரர் சொன்னார், "ஒங்க பேரன் எங்கள எல்லாம் கிழிச்சுத் தொங்கவிட்டுட்டான் லா."
எனக்குப் பெருமை. ஐந்தாவது படித்தவள் வளர்த்த பிள்ளை. அவன் அம்மா லூர்து இருந்து பார்க்கவில்லை.

30, வெள்ளி
மார்க்கெட் ஸ்திரீட்டுக்கு டிராமில் போனேன். கடைக் கண்ணாடிக்குள், நடுவில், என் கலியாணப் படம். சட்டம் மாற்றித் தருகிறேன் என்று அவன் கழற்றிப் போனது. அவருக்குக் கைக்கடிகாரம், சுருட்டு. எனக்குக் கத்தரித்த முடி, சிவந்த உதடு, குதிகால் செருப்பு. கீழே எழுத்து: நேற்றுக் கப்பலில் இறங்கிய துரையும் துரைசானியும்.
ஒரே சிரிப்பு. பக்கத்தில் நின்ற என்னை யாருக்கும் தெரியவில்லை.
"அந்தம்மா கழுத்துச் சங்கிலி மட்டும் பழசா இருக்கே. அத ஏன் விட்டான்?"
"நெசமா உள்ளது அது ஒண்ணுதான் போல."
அவர் போய்ப் பதினொரு வருஷம். இருப்பது இந்த ஒரு படம்.
மாலை அருளிடம் கத்தினேன். திங்கட்கிழமைக்குள் பழையபடி வரவேண்டும் என்றேன்.
"தண்ணிச் சாயந்தான் அப்பாயி. ஈரப் பஞ்சால தொடச்சாப் போயிரும். சங்கிலி மேல நான் கை வைக்கல. எங்கம்மா அதுக்குத்தான அவ்வளவு ஏச்சு வாங்குனாங்க."


31, சனி
எழுதித் தொலைக்கிறேன். சங்கிலியே கிடையாது. கலியாணத்தன்று கழுத்தில் கறுப்புக் கயிறும் சிலுவையும்தான். ஊருக்கு அனுப்புகிற படம் என்று போட்டோக் கடைச் சீனர் பொன் சாயத்தில் வரைந்து கொடுத்தார். நான் எட்டுச் சவரன் என்று சொல்லித் திரிந்தேன். மகள் மரியாள் தன் கலியாணத்துக்கு அதைக் கேட்டாள். பெட்டியில் காணோம் என்றேன். பெட்டிச் சாவி மருமகள் லூர்துவிடம். அவ்வளவுதான், எல்லோரும் அவளை ஏசினார்கள். அவள் பெயரை நான் சொல்லவில்லை. எடுத்தது அவள் இல்லை என்றும் சொல்லவில்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் "நான் எடுக்கல அத்தை" என்றாள். தெரியும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.
ஈரப் பஞ்சு. அதில் சங்கிலியும் போய்விடும் என்று இப்போதுதான் உறைத்தது. அருளின் பட்டறைக்குப் போனேன். பூட்டு.

1 நவம்பர், ஞாயிறு
பூசைக்குப் போனேன். இந்தப் பாவத்தோடு நன்மை அப்பம் வாங்கவில்லை. அருள் வீட்டுக்கு வரவில்லை. இரண்டு தட்டு வைத்து ஒன்றை எடுத்தேன்.

2, திங்கள்
தூறல். அருள் காலையில் வந்தான். படம் செய்தித்தாளில் சுற்றி. அவர் பழையபடி. நான் அதற்கும் முந்திய பழையபடி, கயிறும் சிலுவையுமாக.
"சங்கிலியும் சாயந்தானா?"
ஆமாம் என்றேன்.
"எங்கம்மாவுக்குத் தெரியுமா?"
இல்லை என்றேன்.
என்னோடு கல்லறைக்கு வந்தான். லூர்துவின் கல்லை அவனே தேய்த்துக் கழுவினான், சவுக்காரம் தீரும்வரை. அங்கே ஏற்ற நான் மெழுகுவர்த்தியை நீட்டினேன்.
"அத தாத்தாவுக்கு வைங்க," என்றான்.