மாரியாயிக்குச் சொல்லிக் கொடுத்தது

1932 மார்ச் 7, கிள்ளான்

வலிப்பு நோயாளிகளுக்கு விளக்கம் சொல்லும் வேலையைப் பெரிய டாக்டர் என் தலையில் கட்டிவிட்டார். அவருக்குத் தமிழ் வராது. எனக்குப் பொறுமை வராது. ஆஸ்பத்திரியில் காயம் கட்டும் டிரசராகப் பிறந்தவன் தலையெழுத்து.

முதல் ஆள் மாரியாயி. காப்பார் பக்க ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டுகிறவள். வலிப்பு வந்து விழுந்தவள் கையில் இரும்பு கொடுக்க வேண்டுமென்று, புருஷன் நாகையா பால் வெட்டும் கத்தியையே திணித்திருக்கிறான். உள்ளங்கை பிளந்துவிட்டது. "இரும்புதானேங்க ஐயா" என்கிறான். மடையன்!

மார்ச் 9

காக்காய் வலிப்பேதான். அவளை உட்கார வைத்துச் சொன்னேன். பேயில்லை, மூளைக் கோளாறு. மருந்தை ஒருவேளையும் விடக்கூடாது. அடுப்பு, கிணறு பக்கம் தனியாகப் போகக்கூடாது. விழுந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும். கையிலும் வாயிலும் ஒன்றும் திணிக்கக்கூடாது.

"தீரவே தீராதுங்களா?"

"தீராது. ஆனா வேலை செய்யலாம், பிள்ளையை வளக்கலாம். ஒண்டையும் ஒளிக்காதை. கூட நிக்கிற ஆக்களுக்கெல்லாம் சொல்லி வை."

ஆறு வயதில் மகள் இருக்கிறாளாம், தங்கமணி. அவளை ஆளாக்கிவிட்டால் போதுமென்று அழுதாள்.

மார்ச் 17

தையல் பிரித்தேன். பாடத்தை ஒப்பிக்கச் சொன்னேன். ஒன்றும் தப்பவில்லை. எனக்கே பெருமையாக இருந்தது.

மார்ச் 28

தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணி தம்புசாமி சிரித்துக்கொண்டே வந்தான். காலைப் பிரட்டில், பேர் கூப்பிட ஆட்களெல்லாம் வரிசையில் நிற்கும்போது, மாரியாயி முன்னால் வந்து தன் நோயைச் சொல்லியிருக்கிறாள். சொன்னது போதாதென்று மண்ணில் படுத்து, தன்னை எப்படிப் புரட்ட வேண்டுமென்றும் காட்டியிருக்கிறாள். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை பார்த்துக்கொண்டு நின்றாராம்.

"கூத்து தோத்துச்சு லா, டிரசர்! ரப்பர் விலை கெடக்கிற கெடையில விழுற ஆளு எதுக்கு, ஊருக்குக் கப்பல் ஏத்துங்கன்னுட்டாரு. நாகையா நல்ல வெட்டுக்காரன், நிக்கட்டுமாம். புள்ளயும் இருக்கட்டும், நாளைக்குப் புல்லு புடுங்கும்."

மார்ச் 29

துரையைப் போய்ப் பார்த்தேன். உட்காரச் சொல்லவில்லை.

நோய் உண்டா? உண்டு. மறுபடி விழுவாளா? விழுவாள். தீருமா? தீராது.

அவளுக்குச் சொன்னதையெல்லாம் என் வாயிலிருந்தே பிடுங்கிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாமே — ஏன் சொல்லவில்லை? சனியன் பிடித்த வாய்.

ஏப்ரல் 4

மருந்துப் பொட்டலத்தோடு துறைமுகம் போனேன். நாகையா வரவில்லை. பிள்ளையையும் அனுப்பவில்லை.

"ஐயா, நான் எந்த எடத்துல தப்பாச் சொன்னேன்?"

"எல்லாம் சரியாத்தான் சொன்னாய்."

"அப்புறம் ஏங்கய்யா?"

மருந்தை நேரத்துக்குக் குடி என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

ஏப்ரல் 12

கப்பல் நாகப்பட்டினம் சேர்ந்திருக்கும். யார் இருக்கிறார்கள் அவளுக்கு அங்கே?

மே 2

புது வலிப்பு நோயாளி, வேலாயுதம். ரயில் பட்டறையில் உலைக்குக் கரி அள்ளிப் போடுகிறவன். மூன்று பிள்ளைகள். மருந்து, பத்தியம் எல்லாம் சொன்னேன்.

"வேலை எடத்துல சொல்லணுங்களா?"

உலை வாயை நினைத்தேன். துரைமார்களையும் நினைத்தேன்.

"ஒருத்தருக்கும் சொல்லாதை."

முகம் மலர்ந்து கும்பிட்டான். நேரமாகிறதென்று அப்படியே வேலைக்கு ஓடினான்.