கட்டில் அட்டையில் உன் பெயர்

அருப்புக்கோட்டை
5-9-71

அன்புள்ள அண்ணன் திம்மையாவுக்கு, அம்மா சொல்லி நாகமணி எழுதுவது. பம்பாயில் நீ நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் சுகம் என்று எழுதச் சொல்லிவிட்டு அம்மா எழுந்து போய்விட்டாள், அதை எழுதக் கை வரவில்லை.

போன வருடம் மதுரை ஆஸ்பத்திரியில் ஒரு ஊசி ஒத்துக்கொள்ளாமல் அப்பாவுக்கு மூச்சு அடைத்ததே, அப்போது அவர் கட்டிலில் தொங்கிய அட்டையில் உன் பெயரைப் பார்த்தேன். சீட்டுப் போடுகிற இடத்தில் அம்மா, அப்பாவின் பெயரைச் சொல்லாமல் திம்மையாவோட அப்பா என்றிருக்கிறாள், அவர்கள் காதில் விழுந்த முதல் பெயரை எழுதிக்கொண்டார்கள். அன்றைக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

இந்த ஆடியில் அப்பா காலில் கருவேல முள் ஏறிச் சீழ் வைத்து, காய்ச்சலில் நினைவு தப்பிவிட்டது. இங்கே டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம், கூட வந்த சித்தப்பா அப்பாவின் சொந்தப் பெயரை, சௌடையா என்று கொடுத்தார். எந்த ஊசி ஆகாது என்று டாக்டர் கேட்டதற்கு, எல்லாம் மதுரையில் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றாள் அம்மா. டாக்டர் மதுரைக்கு டிரங்க் போன் பதிந்தார், காலையில் பதிந்தது மத்தியானம்தான் கிடைத்தது. சௌடையா என்று யாரும் வரவே இல்லை என்று அங்கே சொல்லிவிட்டார்கள். "ஏம்மா, இல்லாத கதையச் சொல்லி அரை நாளக் கெடுத்திட்டியே" என்று டாக்டர் எரிந்து விழுந்து, கம்பவுண்டரிடம் ஊசியை எடுக்கச் சொன்னார். அம்மா தரையைப் பார்த்து நின்றாள். ஆள் முன்னால் வாய் திறக்காத நான்தான், "திம்மையான்னு கேளுங்க சார், அப்பா பேர அம்மா சொல்ல மாட்டாக" என்றேன். கம்பவுண்டர் சிரித்தார், டாக்டர் சிரிக்கவில்லை. மறுபடி பதிந்து பதில் வரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கம்பவுண்டர் கையில் இருந்த அதே ஊசிதான் ஆகாதது. உயிர் தப்பியது, ஆனால் அதற்குள் விஷம் முழங்காலைத் தாண்டிவிட்டது. மதுரையில் இடது காலை எடுத்துவிட்டார்கள். இதையெல்லாம் உனக்கு எழுத அம்மா இதுவரை விடவில்லை.

"தறியில ஒத்த மிதிய மிதிச்சு என்ன சேல நெய்யலாம்னு உங்க அண்ணன்கிட்டக் கேளு" என்கிறார் அப்பா. அம்மா என்னோடு சரியாகப் பேசுவதில்லை, நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தேனாம். பெத்தவளுக்கே பாடம் எடுத்த டீச்சர் வாரா என்று ராமலட்சுமி அத்தை தெருவில் பாடுகிறாள். யாரும் மதுரை அட்டையைப் பற்றிப் பேசவில்லை.

நீ அங்கே எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் எழுதினதை வாங்கிப் படித்துப் பார். வேளைக்குச் சாப்பிடு. அப்பாவுக்குத் தனியாக ஒரு கார்டு போடு, மறந்துவிடாதே. சாமி சௌடம்மா உன்னைக் காக்கட்டும் என்று அம்மா சொன்னாள், அதை மட்டும் அவள் சொன்னபடியே எழுதியிருக்கிறேன்.

அப்பா பாதி நெய்த சேலை தறியிலேயே கிடந்தது. நேற்றுக் காலையில் நான் தறிக்குழியில் இறங்கி, அவர் விட்ட இடத்திலிருந்து மிதிக்க ஆரம்பித்தேன்.

இப்படிக்கு
உன் தங்கை
நாகமணி