பழைய அளவு ரவிக்கை

செம்பவாங், சிங்கப்பூர்
14.3.1961

அன்புள்ள அம்மாவுக்கு லீலா வணக்கத்துடன் எழுதுவது. உங்கள் முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது? இங்கே அவரும் குழந்தையும் சுகம்.

கடிதம் தாமதித்ததற்குக் கோபிக்காதீர்கள். மார்பில் ஒரு சின்னக் கட்டி இருந்தது, ஆஸ்பத்திரியில் எடுத்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் லீவு கொடுத்திருக்கிறார்கள். பிள்ளைகளின் சத்தம் இல்லாமல் பகல் நீளமாக இருக்கிறது. கையைத் தூக்கினால் வலிப்பதால் தளர்வாக இரண்டு ரவிக்கை தைத்து அனுப்புங்கள். கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாயும்.

கண்மணி, அம்மாவுக்கு இதுவரை வாசித்தால் போதும். இனி உள்ளது உனக்கு மட்டும்.

குழந்தைக்குப் பால் மறக்கடித்த சமயத்தில்தான் அந்தக் கட்டி கையில் தட்டுப்பட்டது. பால்கட்டு என்று நினைத்து மல்லிகைப்பூ வைத்துக் கட்டினேன். வலியே இல்லாததால் ஒரு வருடம் யாரிடமும் சொல்லவில்லை. "வலிக்கலைன்னா சும்மா இருந்துடுறதா? அப்பவே வந்திருந்தா கட்டியோட போயிருக்கும்லா!" என்று வார்டு நர்ஸ் ரத்தினம்மா திட்டினார். இப்போது இடது மார்பையே எடுத்துவிட்டார்கள். கக்கத்திலும் பரவியிருக்கிறதாம்.

மாதவிலக்கு முடிந்ததும், மாதம் ஒரு தடவை, குளிக்கும்போது இரண்டு மார்பையும் கக்கத்தையும் விரல்களால் அழுத்தித் தடவிப் பார். ஏதாவது தட்டுப்பட்டால் அன்றைக்கே டாக்டரிடம் போ. வெட்கப்படாதே. அம்மாவையும் எப்படியாவது பார்க்க வை.

தபாலில் சேர்க்க அவர் செருப்பு மாட்டிக்கொண்டு நிற்கிறார். அம்மா என் பழைய ரவிக்கையை அளவுக்கு எடுப்பார்கள். தையல்காரரிடம் கொடுக்க விடாதே, நீயே தை. இடது பக்கம் தட்டையாக இருக்கட்டும்.

அக்கா
லீலா