ஊருக்குச் சொன்ன நெஞ்சுவலி

இந்த நோட்டு யார் கையில் கிடைத்தாலும், கெஞ்சிக் கேட்கிறேன், யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக அப்பாவிடம். இது என் அம்மாவுக்கு எழுதுவது.

என் செல்ல அம்மா,

உனக்கு வந்ததே உன் தங்கைக்கும் வந்திருக்கிறது. மார்பில் கட்டி. குடவாசலில் யாருக்கும் தெரியாது. என் படிப்புக்கு ஒத்தாசையாகச் சித்தி வந்திருப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறோம். உனக்கும் அப்படித்தானே செய்தோம்? புற்றுநோய் என்றால் நாளைக்கு என்னைப் பெண் கேட்டு வரமாட்டார்கள் என்று, நீ போனபோது அப்பா ஊர் முழுக்க நெஞ்சுவலி என்றார்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் கீமோ தொடங்கும் முன் டாக்டரம்மா கேட்டார். "குடும்பத்துல யாருக்காவது ஹார்ட் பிரச்சினை இருந்துச்சாங்க?"

"யாருக்கும் இல்லைங்க டாக்டர்," என்றார் அப்பா. "இவ அக்காவுக்கும் கேன்சர்தான். நெஞ்சுவலின்னது சும்மா ஊருக்குச் சொன்னது."

நான் குறுக்கிட்டுச் சொல்லிவிட்டேன். "கீமோவுக்கு அப்புறம் அம்மாவால படுக்கவே முடியல. மூணு தலையணை வச்சு உட்கார்ந்தே தூங்குனாங்க. கால் வீங்கி செருப்பு நுழையல."

"பாப்பா, நீ சும்மா இரு," என்றார் அப்பா.

"அவ பேசட்டும்ங்க. இவ அம்மாவோட பழைய ஃபைல் இருக்கா?"

ஃபைலைப் பார்த்துவிட்டு டாக்டரம்மா சொன்னார். ரோஸ்மில்க் என்று நீ சிரித்தாயே, அந்தச் சிவப்பு மருந்துதான் உன் இதயத்தைக் கெடுத்திருக்கிறது. நீ போனதும் அதனால்தானாம். சிலருக்குப் பிறவியிலேயே ஜீனில் ஒரு குறை இருக்குமாம். மற்றவர்கள் தாங்குகிற மருந்தை அவர்கள் இதயம் தாங்காதாம். சித்தியின் இரத்தத்தைச் சோதித்தார்கள். அந்தக் குறை இருக்கிறது.

அதனால் சிவப்பு மருந்தை விட்டுவிட்டு வேறு மருந்து ஏற்றுகிறார்கள். இன்று நாலாவது கீமோ. அதற்கு முன் எக்கோ எடுத்தார்கள். இதயம் நன்றாக இருக்கிறது அம்மா. எத்தனையோ நாளுக்குப் பிறகு இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

பஸ்ஸில் சித்தி, "ஒரு பொய்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியல அத்தான் உங்களுக்கு. நெஞ்சுவலின்னு உண்மையைச் சொல்லி வச்சிருக்கீங்க," என்றாள். கும்பகோணம் வரும்வரை அப்பா ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தார்.

எனக்கும் அந்தக் குறை இருக்குமா? பதினெட்டு வயதானதும் சோதித்துக்கொள்ளலாம், இருந்தால் கவனமாக இருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அது பயம்தான். அதைவிட வேறொன்று உறுத்துகிறது. உனக்கு மூச்சு வாங்கியபோதே நான் யாரிடமாவது சொல்லியிருந்தால்?

சத்தியமாகச் சொல்கிறேன் அம்மா. உனக்கு என்ன வந்தது என்று இனி யார் கேட்டாலும் புற்றுநோய், இதயம் இரண்டையும் சேர்த்தே சொல்வேன். டாக்டரிடம் மட்டுமல்ல, என்னைப் பெண் கேட்டு வருகிறவர்களிடமும்

அப்பா கதவைத் தட்டுகிறார்.

உன் மகள்