கணக்கு லைப்ரரியைச் சேர்க்காமல் விட்டவருக்கு

அன்பான என் இளங்கோவுக்கு,

போன மாசியில் என்னைத் தனியாக விட்டுவிட்டுக் கிளம்பிப் போனவரே, சௌக்கியம்தானே? இங்கே குறுவை நட்டாயிற்று. நம் மகள் கல்லூரியில் சி மொழி படிக்கிறாள். நேற்று அவள் எழுதிய புரோகிராம் ஓடவில்லை. "ஸ்கொயர் ரூட்டைக் காணோம்ங்குதும்மா" என்று முகத்தைத் தொங்கப் போட்டாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

அந்தக் கூத்து உங்களுக்கு நினைவிருக்கிறதா? எங்கள் முக்கோண வயலை உங்கள் அப்பா குத்தகைக்கு உழுதார். வருஷக்கணக்கில் சண்டை. கடைசியில் வயலை உங்களுக்கே விட்டுவிட்டு, அதற்கு ஈடாக அதே அளவு நிலத்தை உங்களிடமிருந்து வேறு இடத்தில் நாங்கள் வாங்கிக்கொள்வதென்று முடிவானது. அளப்பவர் யாரையும் இரண்டு தரப்பும் நம்பவில்லை. கம்ப்யூட்டருக்குக் கட்சி கிடையாது என்று, நீடாமங்கலத்தில் நாம் படித்த சென்டருக்கே இரண்டு அப்பாக்களும் வந்துவிட்டார்கள்.

மூன்று பக்க அளவை வைத்துப் பரப்பு சொல்லும் புரோகிராம் எழுதியிருந்தீர்கள். மேலே மேத் டாட் ஹெச் என்ற வரி இருந்தது. அது வெறும் அறிவிப்புதான். கல்யாணப் பத்திரிகையில் நாதஸ்வரக்காரர் பேரைப் போட்டால் மேளம் கேட்டுவிடுமா, ஆளை அழைத்து வர வேண்டாமா? கம்பைல் செய்யும்போது கடைசியில் மைனஸ் எல்எம் போட்டால்தான் வர்க்கமூலம் போடத் தெரிந்த கணக்கு லைப்ரரி வந்து சேரும். நீங்கள் போடவில்லை. வர்க்கமூலத்தைக் காணோம் என்றது திரை.

"காணோமா? யாரு எடுத்தது?" என்றார் என் அப்பா. எங்களைத் திருடர்கள் என்கிறீர்களா என்று உங்கள் அப்பா துண்டை உதறினார். நானோ பக்கத்து மெஷினில், உங்களைத் தெரியாதவள் மாதிரி உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் நம் காதல் வெளியே வந்துவிடும். மூடிக்கொண்டிருந்தால் மறுபடி வெட்டுக்குத்து. எனக்குப் பொறுக்கவில்லை.

"நேத்தே சொன்னேன்ல இளங்கோ, கடைசியில லைப்ரரியச் சேத்துக்கன்னு."

நான் சொன்ன அந்த 'நேத்து' ஞாயிற்றுக்கிழமை. சென்டருக்கு விடுமுறை. அப்பா திரையைப் பார்க்கவே இல்லை, என்னைத்தான் பார்த்தார். வயல் கணக்கு அப்போதே முடிந்தது. நம் கல்யாணத்துக்கு அவர் தலையாட்டத்தான் ஒரு வருஷம் ஆனது.

மகளிடம் இதைச் சொன்னேன். "அப்பா வேற எந்த புரோகிராம்லயாவது இத மறந்திருக்காராம்மா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். ஒரு தடவைகூட இல்லை. அடப் பாவி மனுஷா, என் வாயைப் பிடுங்கத்தான் விட்டீர்களா? கோபம் வருகிறது. சண்டை போட நீங்கள் இல்லையே என்று அழுகையும் வருகிறது.

என் காலமும் முடிந்து அங்கே மேலே வந்ததும் என் முதல் கேள்வி இதுதான். அதுவரை என் அப்பாவிடம், நீங்கள் மறந்துதான் போனீர்கள் என்றே சாதிப்பேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்ட உங்கள் மனைவி,
கயல்விழி