பதினாறில் சேராத தீவு

ஜூன் 3, செவ்வாய்
விடியவே மழை. வேலைக்குப் போகும் வழியில் கார் ரேடியோவில் வானிலை. நோர்த்லாண்ட், ஆக்லாந்து, வைகாட்டோ, தரனாகி... கடல் தாண்டி நெல்சன், கன்டபெரி, சவுத்லாண்ட். எல்லாம் முடிந்து ஒரு மூச்சு விட்டுத்தான் சொல்வார்கள்: சாத்தம் தீவுகள், தென்மேல் காற்று, தூறல்.

எனக்கு அந்தக் கடைசி வரி போதும். நாட்டின் பதினாறு பிராந்தியங்களில் எதிலும் சேராத தீவு. தேசப்படங்களில் ஒரு மூலைப் பெட்டிக்குள் கிடக்கும், சில படங்களில் அதுவும் இல்லை. பதினெட்டு வருடமாக இங்கே ஆக்லாந்தில் இருக்கிறேன். தெற்கே ஹமில்டன், வடக்கே ஒரேவா. என் நியூசிலாந்து அவ்வளவுதான்.

போன மாதம் அங்கே நர்ஸ் வேலைக்கு எழுதிப் போட்டேன். இன்று பதில்! வெள்ளி 12.30, தீவு நேரம், போனில் நேர்முகம்.

கணவர் சிவாவிடம் சொன்னேன். மனிசன் நேரே கலண்டரிடம் போனார். "வெள்ளி பத்தரையில இருந்து பன்னிரண்டு மட்டும் ராகு காலம். பன்னிரண்டரை நல்லது." வேறு கதை இல்லை.

ஜூன் 4, புதன்
கொண்டுபோக: தடித்த சட்டை 3, மிளகாய்த்தூள் 2 கிலோ, காய்ந்த கறிவேப்பிலை, நடக்க நல்ல சப்பாத்து.
வேலை கிடைக்க முதலே மூட்டை கட்டுகிறேன். ஆசைக்கு அளவேது.

கூட வேலை செய்யும் ரேவதி, சென்னைப் பிள்ளை: "அங்க போய் என்னக்கா பண்ணுவீங்க? ஒரு இந்தியன் கடைகூட இருக்காது."
"காத்து இருக்குமாம்" என்றேன்.
மத்தியானம் ஓய்வறையில் கண்ணை மூடினால் புல், கடல், யாருமில்லாத மண் ரோட்டு.

ஜூன் 6, வெள்ளி
நல்ல வெயில். லீவு. முழுகுவதற்குத் தலை நிறைய எண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். 11.45க்குப் போன் அடித்தது. சாத்தம்!

சிவாவுக்கு மத்தியான ஷிஃப்ட், வீட்டில்தான் நின்றார். "எடுக்காதேயும். ராகு காலம் முடிய இன்னும் கால் மணித்தியாலம் கிடக்கு."
எடுத்தேன். அங்கே இப்போது பன்னிரண்டரையாம். அவர்களின் மணி எங்களுடையதைவிட முக்கால் மணித்தியாலம் முந்தி. எண்ணெய் காதால் வழிய வழியக் கதைத்தேன். நன்றாகவே கதைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. இவருக்கு ஆக்லாந்தின் விரிப் பகுதியில், வெயர்ஹவுஸில், ஊர் ஊருக்குச் சாமான் ஏற்றும் வேலை. சாத்தத்துக்கும் ஏற்றுகிறவர்.
"உங்களுக்கு அந்த நேர வித்தியாசம் தெரியாதோ?"
"தெரியும்."
"பிறகேன் சொல்லேல்ல?"
"நீர் முழுகப் போயிருப்பீர், போன் கோல் தப்பிப்போகும் எண்டு நினைச்சன்."
ராகு காலம் வெறும் சாட்டு, என்னைப் போகவிடாமல் செய்ய. கோபத்தில் சோறு போட்டுக் கொடுக்கவில்லை.

ஜூன் 8, ஞாயிறு
இரண்டு நாள் பேச்சில்லை. இன்று தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்தார்.
"பிள்ளையும் படிக்க டனீடனுக்குப் போயிட்டாள். நீரும் போனா இந்த வீட்டில ஆர் இருக்கிறது?"
தன்னை ஒரு ஆளாகவே எண்ணவில்லை, பாவம். "நீங்களும் வரலாம்தானே" என்றேன்.
"நீர் கேக்கேல்லையே."

கேட்கவில்லைதான். புதன்கிழமைப் பட்டியலைப் புரட்டிப் பார்த்தேன். சட்டை, சப்பாத்து எல்லாம் ஒருத்திக்கு. கனவில் அந்த ரோட்டிலும் நான் தனியேதான் நடந்தேன், சந்தோஷமாக. அவர் செய்தது பிழை. இது என் பிழை. வெட்கமாக இருக்கிறது.

ஜூன் 11, புதன்
மழை விட்டுவிட்டுப் பெய்கிறது. வேலை கிடைத்துவிட்டது!! கடிதத்தோடு அங்கே தரும் வீட்டுக்கு ஒரு படிவம். எத்தனை பேர் வருகிறீர்கள்? அதை மட்டும் நிரப்பாமல் மேசையில் விரித்தேன்.
"இஞ்சேருங்கோப்பா, நீங்களும் வாறீங்களோ?"
கண்ணாடியைப் போட்டு முதல் பக்கத்திலிருந்து ஒரு வரி விடாமல் வாசித்தார். பேனையை எடுத்தார். எழுதவில்லை.
"உமக்கு நான் அங்க வேணுமோ?"
கண்ணை மூடி, அந்த மண் ரோட்டில் இவரையும் நடக்கவிட்டுப் பார்த்தேன். அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். யோசித்துத்தான் சொன்னேன், ஓம் என்று. குனிந்து, தாள் கிழியும் அளவுக்கு அழுத்தி, 2 என்று எழுதினார்.