படித்ததும் தெரிவிக்கவும்

இன்றைக்குக் காலை பத்தரை மணிக்கு உன் பெயரில் எனக்கு ஒரு மெயில் வந்தது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. நம் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீசில் நான் மட்டும்தான் இருந்தேன். கீழே பல் மருத்துவரிடம் யாரோ மாட்டியிருந்தார்கள். பல்லை ராவுகிற சத்தம் வழக்கம்போலத் தரை வழியாக ஏறி நாற்காலிக்கு வந்துகொண்டிருந்தது. திரையின் ஓரத்தில் உன் பெயர். திறந்து பார்த்தால் நீ எழுதியது எதுவும் இல்லை. உன் கணினியில் இருக்கும் அஞ்சல் மென்பொருள் தானாக அனுப்பிய ஒரே ஒரு வரி: நீங்கள் அனுப்பிய மடல் படிக்கப்படாமல் நீக்கப்பட்டது.

எந்த மடல் என்று எனக்குத் தெரியும். கிட்டத்தட்ட ஒரு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை நான் உனக்கு எழுதியது. அனுப்பும்போது ‘படித்ததும் தெரிவிக்கவும்’ என்ற கட்டத்தில் டிக் வேறு போட்டிருந்தேன். நீ படிக்கிற நிமிடம் எனக்குத் தெரிய வேண்டும் என்று அவ்வளவு ஆத்திரம்.

அதைச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றிச் சொல்ல வேண்டும். குமாரபாளையத்தில் அந்த ஜவுளி ஏற்றுமதி ஆபீசில் நாம் சேர்ந்த புதிது. நீ கடிதப் போக்குவரத்து, நான் கணினி. மெயிலை எழுதி முடித்ததும் அனுப்பாமல் எழுந்து போவாய். “தண்ணி குடிச்சுட்டு வாரேன் புள்ள” என்பாய். வந்து இன்னொரு தடவை படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்புவாய். அந்த ஆபீசில் மற்ற எல்லாரும் அவசரத்தில் ஏதாவது அனுப்பிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டவர்கள்தான். நீ மட்டும் ஒரு நாளும் இல்லை. ஒரு நாள் விளையாட்டாக, நீ தண்ணீர் குடிக்கிற நேரத்தை அளந்தேன். இரண்டு நிமிடம். அதை நிரலாக எழுதினால் என்ன என்று தோன்றியது அப்போதுதான்.

அந்த வேலையை விட்டு நாம் சேர்ந்து தொடங்கிய தொழில் என்ன என்று என் அம்மா உன்னிடம் ஒரு தடவை கேட்டார். ஆட்-இன் என்றால் அவருக்கு எப்படிப் புரியவைப்பது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். நீ ஒரே மூச்சில் சொல்லிவிட்டாய். “மெயிலு அனுப்பற சாப்ட்வேர் இருக்குதுங்கம்மா, அது அடுத்தவங்க ஊடு. அதுக்குள்ளார ஒரு ரூம்ப வாடகைக்குப் புடிச்சு நாங்க கடை போட்டிருக்கறோம். ஊட்டுக்காரரு எப்பக் காலி பண்ணச் சொல்லுவாரோ தெரியாதுங்க.” அம்மாவுக்குப் புரிந்தது. எனக்கே அன்றைக்குத்தான் சரியாகப் புரிந்தது என்று வைத்துக்கொள்.

நம் கடையில் ஒரே ஒரு சரக்கு. அனுப்பு என்று அமுக்கியதும் மெயில் போகாது. இரண்டு நிமிடம் ஒரு ஃபோல்டரில் கிடக்கும். அதற்குள் மனம் மாறினால் எடுத்துவிடலாம். அந்த ஃபோல்டருக்கு ‘நிறுத்தி வைக்கப்பட்டவை’ என்று நான் பெயர் வைத்தேன். “போலீஸ் ஸ்டேசன்ல வண்டிய நிறுத்தி வெச்ச மாதிரி இருக்குது” என்று சிரித்துவிட்டு ‘ஆறட்டும்’ என்று மாற்றினாய். கூடவே வருகிற பெட்டியில் ‘அனுப்புவதை உறுதி செய்க’ என்று எழுதியிருந்தேன். அதையும் அடித்துவிட்டு ‘ஒருக்கா படிச்சுப் பாத்துட்டீங்களா?’ என்று போட்டாய். ஒரு மென்பொருள் இப்படியா பேசும் என்று நான் முகத்தைச் சுளித்தேன். சங்ககிரி லாரி ஆபீஸ்களில் அந்த ஒரு வரிக்காகவே அதை வாங்கினார்கள்.

நாம் ஒத்துப்போகாதது ஒரு பொத்தானில். காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்காக ‘இப்பவே அனுப்பு’ என்று ஒன்று வேண்டும் என்றேன். “அவசரக்காரங்களுக்குத்தான் புள்ள இதச் செஞ்சோம். அவிய கைக்கே பொத்தானக் குடுத்தா அப்புறம் நாம எதுக்கு?” என்று கேட்டாய். நான் கேட்கவில்லை. எழுதுகிறவள் நான் அல்லவா, வைத்துவிட்டேன்.

அப்புறம் அந்தப் பழைய கணினி. ஆபீஸ் மூலையில் நீ விடாமல் வைத்திருந்தாயே, ஆன் செய்து காப்பி குடித்துவிட்டு வந்தாலும் விழித்திருக்காது. வாடிக்கையாளர்களிடம் இருப்பதெல்லாம் இந்த மாதிரிதான், புதுப் பதிப்பு எதுவானாலும் முதலில் இதில் ஓட வேண்டும் என்பாய். நான் அதைக் கட்டைவண்டி என்பேன். சென்ற வருடம் ஒரு பதிப்பை அதில் ஓட்டிப் பார்க்காமலே அனுப்பிவிட்டேன். நீ பரமத்தி வேலூருக்கு, உன் அப்பா வீட்டுக்குப் போயிருந்தாய். இரண்டு நாள் பொறுத்திருக்கலாம். பொறுக்கவில்லை.

சங்ககிரியில் ஒரு லாரி ஆபீசில் அது ஏறுவதற்கு அதிக நேரம் பிடித்தது. திறக்க இடைஞ்சலாக இருக்கிறது என்று அஞ்சல் மென்பொருளே நம் ஆட்-இன்னை அணைத்துவிட்டது. அது அப்படித்தான் செய்யும்; ஆனால் ஆபீஸ்காரருக்கு அது தெரியாது. இரண்டு நிமிடம் இருக்கிறது என்ற தைரியத்தில், பதினைந்து வருடமாகச் சரக்கு கொடுத்துக்கொண்டிருந்த ஒருவரை வாய்க்கு வந்தபடி திட்டி எழுதி அனுப்பு என்று அமுக்கிவிட்டார். கோபம் தணிந்து எடுத்துவிடப் போனால் ஃபோல்டர் காலி. மடல் போய்ச் சேர்ந்துவிட்டது.

நீ பரமத்தி வேலூரிலிருந்து நேராக பஸ் பிடித்து அங்கே போனாய். பொழுதுக்கும் அங்கேயே இருந்து சரி செய்தாய். சரக்குக்காரரிடம் போனில் நீயே பேசினாய். கடைசியில் அத்தனை பேர் முன்னால், “தப்பு எங்களதுதானுங்க. பாக்காம அனுப்பிப்போட்டோம்” என்று சொல்லிவிட்டு வந்தாய். இதை லாரி ஆபீஸ்காரரே எனக்குப் போன் செய்து சொன்னார், உன்னை மெச்சிக்கொண்டு.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ‘எங்களது’ என்று நீ சொன்னாலும் நிரல் எழுதியது நான் என்று அங்கே எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு சாயங்காலம் உட்கார்ந்து எழுதினேன். தலைப்பு ‘இத்தோட போதும்’. உள்ளே இருந்ததை முழுக்க இப்போது சொல்ல மாட்டேன், கை கூசுகிறது. ஒரு வரியை மட்டும் சொல்லித்தான் ஆக வேண்டும்: ‘நீ பஸ்ஸில் போய் வருவதை வேலை என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். நீ இல்லாவிட்டாலும் இது ஓடும்.’ அனுப்பு என்று அமுக்கினேன். ‘ஒருக்கா படிச்சுப் பாத்துட்டீங்களா?’ என்று உன் பெட்டி கேட்டது. நீ வேண்டாம் என்ற அந்தப் பொத்தானை அமுக்கினேன். போய்விட்டது.

திங்கட்கிழமை நீ வந்தாய். எப்போதும்போல ஊரிலிருந்து பூவன் பழம் ஒரு சீப்பு கொண்டுவந்து என் மேசையில் வைத்தாய். “ஏம்புள்ள மூஞ்சி இப்படி இருக்குது?” என்று கேட்டுவிட்டு உன் வேலையைப் பார்க்கப் போய்விட்டாய். படித்துவிட்டு நடிக்கிறாய் என்று முடிவு கட்டினேன். அறிவிப்பு வரவில்லையே என்றால், அது எனக்குப் பெரிய ஆச்சரியம் இல்லை. படித்ததைத் தெரிவிக்கலாமா என்று மென்பொருள் கேட்கும்போதெல்லாம் நீ வேண்டாம் என்றுதான் அமுக்குவாய், யாருக்காக இருந்தாலும். வீம்புக்கு அந்தப் பழத்தை மூன்று நாள் தொடாமல் வைத்திருந்தேன். கறுத்துப்போகும் முன்னால் நீயே எடுத்துக் கீழே பல் மருத்துவமனைப் பெண்களுக்குக் கொடுத்தாய்.

அதற்குப் பிறகு மூன்று மாதம் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்தோம். தினமும் உன் முகத்தில் அந்த வரியைத் தேடினேன். நீ சிரித்தால் மன்னித்துவிட்டாய் என்று தோன்றும். பேசாமல் இருந்தால் இல்லை என்று தோன்றும். கேட்டிருக்கலாம். மன்னிப்பும் கேட்டிருக்கலாம். எனக்கு வாய் இருந்ததெல்லாம் எழுதுவதற்குத்தான்.

பிறகு உனக்கு உடம்புக்கு வந்தது. ஆஸ்பத்திரியில் நீ இருந்தது மூன்றே வாரம். கடைசியாக வந்த அன்று சொல்லிவிடுவது என்றுதான் வந்தேன். “அந்த வெள்ளிக்கிழம ஒரு மெயிலு அனுப்பினேனே…” என்று ஆரம்பித்தேன். “அது கெடக்குது உடு புள்ள” என்றாய். “சங்ககிரிக்காரருக்கு இப்ப ஒழுங்கா ஓடுதா, அதச் சொல்லு.” ஓடுது என்றேன். கண்ணை மூடிக்கொண்டாய். வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் வெகு நேரம் நின்றுகொண்டிருந்தேன். படித்துவிட்டுத்தான் சொன்னாயா என்று அப்போதும் தெரியவில்லை.

போன வாரம் உன் வீட்டுக்காரர் கூப்பிட்டார். மகள் காலேஜ் போகிறாள், அந்தக் கணினியை அவளுக்குக் கொடுக்க வேண்டும், உன் மெயில்களை என்ன செய்யட்டும் என்று கேட்டார். என் மடல் அவர் கண்ணில் பட்டுவிடக் கூடாது. “ஒண்ணொண்ணா பாக்க வேண்டாங்க, மொத்தமா அழிச்சுருங்க” என்றேன். அக்கறையில் சொன்னதுபோலச் சொன்னேன்.

இன்றைக்கு அந்த வரியைப் படித்ததும் நிரல் எழுதுகிறவளின் புத்திதான் முதலில் வேலை செய்தது. நீ ஒரு தடவை திறந்திருந்தாலும் அன்றைக்கே ‘தெரிவிக்கலாமா’ என்ற அந்தக் கேள்வி வந்து, நீ வேண்டாம் என்றதும் முடிந்துபோயிருக்கும். இன்றைக்கு இப்படி ஒரு அறிவிப்பு வந்திருக்காது. மடலைத் திறக்காமலே உள்ளே எட்டிப்பார்க்கிற முன்னோட்டப் பக்கத்தையும் நீ எப்போதும் மூடித்தான் வைத்திருப்பாய். அப்படியானால் நீ படிக்கவே இல்லை. கண்ணில் படாமல் போய்விட்டதோ? உன் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

“இப்பத்தானுங்க அழிச்சு முடிச்சேன்” என்றார். “ஒண்ணுதான் கொஞ்சம் யோசனையாப் போச்சுங்க. ‘ஆறட்டும்’னு உங்க ஃபோல்டரு ஒண்ணு இருக்குதில்லீங்க? அதுக்குள்ளார ஒரே ஒரு மெயிலு கெடந்துச்சு. நீங்க அனுப்புனது. தெறக்காம, தடிச்ச எழுத்தாவே கெடந்துச்சுங்க. பாக்கலாமான்னு கை போச்சு. அவ தெறக்காம வெச்சத நாம எதுக்குத் தெறக்கோணும்னு அழிச்சுப்போட்டேன். முக்கியமானதுங்களா?”

“இல்லீங்க” என்றேன். “அதுல ஒண்ணுமில்லீங்க.”

போனை வைத்துவிட்டு அழுதேன். நன்றாகவே அழுதேன், கீழே சத்தம் நின்றுவிட்டது என்பதுகூடப் பிறகுதான் தெரிந்தது. அந்த ஃபோல்டருக்குள் எது போகும் என்று என்னைவிட யாருக்குத் தெரியும்? எழுதியது நான். வெளியே போகிற மடல்கள் மட்டும்தான் அதற்குள் தானாகப் போகும். உள்ளே வந்த ஒரு மடல் அங்கே கிடக்க வேண்டுமென்றால் யாராவது கையால் இழுத்துக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தலைப்பைப் பார்த்திருக்கிறாய். என்னைத் தெரியும் உனக்கு. நான் காத்திருக்காத இரண்டு நிமிடத்தை நீ எனக்காக உன் பக்கத்திலிருந்து காத்திருந்திருக்கிறாய், மூன்று மாதம்.

மூலையில் உன் பழைய கணினி இருக்கிறது. இப்போது எந்தப் பதிப்பும் அதில் ஓடிய பிறகுதான் வெளியே போகிறது. அம்மாவிடம் நீ சொன்ன அந்த ‘ஊட்டுக்காரரும்’ காலி பண்ணச் சொல்லிவிட்டார். புதிதாக வரும் அஞ்சல் மென்பொருளுக்குள் நம் பழைய ஆட்-இன் போகாதாம். மறுபடி முதலிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். நீ இல்லாவிட்டாலும் இது ஓடும் என்று எழுதினேன் இல்லையா, ஓடத்தான் செய்கிறது. ஓடுவது உன் ஃபோல்டர், உன் கேள்வி, நீ தண்ணீர் குடித்த நேரம்.

மத்தியானம் உட்கார்ந்து அந்தப் பொத்தானை எடுத்துவிட்டேன். நாளைக்கே யாராவது போன் செய்து கேட்பார்கள். நீ சொன்னதைச் சொல்லிக்கொள்கிறேன்.

இதை உன் முகவரிக்குத்தான் எழுதியிருக்கிறேன். மாதக் கடைசியில் அதையும் மூடிவிடுவதாக உன் வீட்டுக்காரர் சொன்னார். அனுப்பு என்று அமுக்கினேன். ஒருக்கா படிச்சுப் பாத்துட்டீங்களா என்று கேட்டாய். ‘ஆறட்டும்’ ஃபோல்டரில் கிடக்கிறது. தண்ணீர் குடித்துவிட்டு வந்து படித்துப் பார்க்கிறேன். இந்தத் தடவை அந்தக் கட்டத்தில் டிக் போடவில்லை புள்ள.